வால்வில் கட்டிய கறுப்பு நூல்

மூக்கு இல்லாதவன்தான் வால்வை மூட வேண்டும் என்பது மாஸ்டரின் கொள்கை. அந்தத் தையல் கம்பெனியின் கேண்டீனில் இருபத்திரண்டு வருஷமாகச் சமைக்கிறார். இருபத்திரண்டு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். வேலை முடிந்ததும் மூன்று அடுப்பின் திருகுகளையும் மூடுவார். குனிந்து ஒரு தரம் மூச்சை இழுப்பார். "சுத்தம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார். சிலிண்டர் தலையில் இருக்கும் வால்வை மட்டும் தொடவே மாட்டார். யாராவது கேட்டால், "அது மூக்கில்லாதவன் பொழப்பு. எனக்கு ஆண்டவன் மூக்கைக் குடுத்திருக்கான்" என்பார்.

கொடுத்தவன் மூன்று மாதத்துக்கு முன்னால் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டான்.

ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தபோது சோப்புக்கு வாசனை இல்லை, வெங்காயத்துக்கு வாசனை இல்லை. நாக்கும் பாதி செத்துப்போயிருந்தது. வீட்டில் பால் அடிப்பிடித்துக் கருகி, புகை முன்னறை வரைக்கும் வந்த பிறகும் அவர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதனால் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரிந்துபோனது. டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல எதற்குப் படித்தான் என்று மாஸ்டர் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

"கம்பெனில சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொல்லிட்டு? கண்ணு தெரியாத டிரைவர்கிட்ட எவன்டி வண்டியைக் குடுப்பான்?"

"வண்டில ஏறுறவங்க கதி என்னங்க?"

பதில் இல்லாத ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதைத்தான் அவரும் செய்தார். குளிக்கப் போய்விட்டார்.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அந்தக் கம்பெனியில் மாஸ்டர் என்றால் சமையல் பாதி, மூக்கு பாதி. பால் திரிந்துவிட்டதா என்று அவரிடம்தான் கேட்பார்கள். ஒரு முறை மேல்மாடியில் அயர்ன்பாக்ஸ் ஒயர் கருகுவதைக் கீழ்த்தளத்தில் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே கண்டுபிடித்துச் சொன்னவர். கேண்டீன் மேனேஜருக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர். ஆள் வருவதற்கு முன்னால் அவர் இடுப்புச் சாவிகள் வந்துவிடும். யார் பார்வையிட வந்தாலும் மாஸ்டரைக் காட்டி, "எங்க கம்பெனிக்கு நெருப்பு அலாரமே வேணாம் சார், இவரு மூக்கு போதும்" என்பார். அந்த மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் ஐம்பத்து நாலு வயதில் வேறு எந்த அடுப்பு அவரைச் சேர்த்துக்கொள்ளும்? வேறு தொழிலும் தெரியாது. ஆகவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் மாஸ்டர் இறங்கினார். பெரிய கரண்டிக்கு இத்தனை, சின்னக் கரண்டிக்கு இத்தனை என்று அளந்து போட்டார். எண்ணெயில் போட்டது வதங்கிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்தார். பழைய பழக்கம் மாறாமல் இடையிடையே மூச்சை இழுத்து, "ஆஹா" என்று தலையையும் ஆட்டிக்கொண்டார்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, அந்தப் பெண்பிள்ளை மட்டும் இல்லாதிருந்தால்.

காய் நறுக்கவும் மேடை துடைக்கவும் நாலு மாதத்துக்கு முன்னால் சேர்ந்தவள். நாற்பது வயது இருக்கும். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். மாஸ்டர் மனசுக்குள் அவளுக்கு ஊமைக்குசும்பி என்று பெயர் வைத்திருந்தார். வாயாடியைப் பற்றி அவருக்குப் பயமில்லை. அவள் நினைப்பது அடுத்த நிமிஷம் வெளியே வந்துவிடும். இவளோ கத்தி ஒரு பக்கம் ஓட, கண்ணை இன்னொரு பக்கம் ஓட்டுகிற ரகம். தலையைத் தூக்கும்போதெல்லாம் அவள் பார்வை அப்போதுதான் தன்மேலிருந்து நகர்ந்ததுபோல மாஸ்டருக்குத் தோன்றும்.

முதலில் அவர் கவனித்தது வால்வைத்தான். ஒரு நாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் பற்றவில்லை. பார்த்தால் சிலிண்டர் வால்வு இறுக்கி மூடியிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். சாயங்காலம் அவர் போன பிறகு மேடை துடைத்துவிட்டுக் கடைசியாகப் போகிறவள் அவள்தான். ஆக, அவள் வேலை. வால்வை மூடுவது மூக்கில்லாதவன் பொழப்பு என்று அவர் சொல்லி அவளும் கேட்டிருக்கிறாள். அப்படியிருக்க, தினம் தினம் அதை மூடிவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரியும் மாஸ்டர் என்று அர்த்தம்.

கேட்டுவிடலாம்தான். ஆனால் எப்படிக் கேட்பது? "ஏம்மா வால்வை மூடினே?" என்று கேட்டு, அவள் சாவிக்கொத்தின் முன்னால் வைத்து வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? மடியில் கனம் இருக்கிறவன் வழிப்போக்கனிடம் மணிகூடக் கேட்கமாட்டான். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் தினமும் காலையில் வால்வைத் திறந்தார்.

அடுத்தது பாத்திரம். சாப்பாட்டு மணி அடிக்க அரை மணி நேரம் இருக்கும். அவர் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவள் பெரிய பாத்திரத்தின் மூடியைத் தூக்கி உள்ளங்கையிலிருந்து என்னவோ போட்டாள். கலக்கினாள். மூடினாள். ஒன்றும் நடக்காததுபோல வந்து முட்டைக்கோஸை நறுக்கினாள். நூற்றிருபது பேர் சாப்பிடுகிற சாப்பாடு! அன்று பரிமாறும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் எழுந்து ஓடவில்லை. போதாக்குறைக்கு ஒரு தையல்காரர், "இன்னிக்கு அமோகம் மாஸ்டர்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். கெடுக்கிறவள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடுப்பாள் என்று மாஸ்டர் முடிவு கட்டினார்.

அதற்கப்புறம் ஒரு நாள் நடந்ததுதான் உச்சம். மதியம், சாவிக்கொத்து டீக்காக வந்து நின்றிருந்தார். அந்த நேரம் பார்த்து அவள் வாயைத் திறந்தாள்.

"மாஸ்டர், கேஸ் வாசனை வருதே."

சாவிக்கொத்து உடனே மாஸ்டர் முகத்தைப் பார்த்தார். நூற்றிருபது பேருக்கும் அதுதானே பழக்கம்! வருகிறது என்று சொல்லி, வராமலிருந்தால் மாட்டினார். வரவில்லை என்று சொல்லி, வந்துகொண்டிருந்தாலும் மாட்டினார். இவள் சோதிக்கிறாள். மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சோதிக்கிறாள்.

மாஸ்டர் கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். "ஒண்ணும் இல்ல. வெங்காயத்தோல் அழுகின வாடை. குப்பையைக் கொட்டும்மா முதல்ல."

"நானும் என்னமோன்னு நெனச்சேன்" என்றார் சாவிக்கொத்து. "எனக்கும் லேசா வந்த மாதிரி இருந்துச்சு. மாஸ்டரே இல்லேன்னா இல்லதான்."

அவள் ஜன்னலை அகலத் திறந்தாள், மூன்றாவது அடுப்பின் பக்கம் போய்த் துணியால் என்னவோ துடைத்தாள், குப்பையை எடுத்துக்கொண்டு போனாள். கால் மணி நேரம் கழித்து மாஸ்டர் அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக, சமர்த்தாக எரிந்தது. பார்த்தாயா, சோதனையேதான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. அவளுக்கு வேண்டியது இந்த அடுப்பு. தன்னைக் கிளப்பிவிட்டுக் கரண்டியைப் பிடிக்கப் பார்க்கிறாள்.

இனிமேல் சும்மா இருந்தால் சரிப்படாது, கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று நினைத்தார். நூல் விட்டுப் பார்ப்பது என்பார்களே, பத்து நாள் யோசித்த பிறகு மாஸ்டர் நிஜமாகவே நூல் கட்டிப் பார்த்தார். தையல் கம்பெனியில் நூலுக்கா பஞ்சம்? தரையில் கிடந்த கறுப்பு நூலை எடுத்து, வால்வின் கைப்பிடியையும் கழுத்தையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். வால்வைத் திருகினால் நூல் அறுந்துவிடும். காலையில் அறுந்த நூலோடு சாவிக்கொத்தைக் கூப்பிட்டுக் காட்டி, "அடுப்படியில யாரோ கை வைக்கிறாங்க சார். எனக்கு இவங்களை வச்சு வேலை பார்க்க முடியாது" என்று சொல்லிவிடுவது. வசனம்கூடத் தயார்.

அன்று சாயங்காலம் திருகுகளை மூடினார். குனிந்து மூச்சை இழுத்தார். "சுத்தம்" என்றார். அவள் தலை நிமிராமல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வந்தபோது அவள் பூட்டிய கதவின் முன்னால் நின்றிருந்தாள். வழக்கமாக அவருக்குப் பின்னால் வருகிறவள். கண் வீங்கியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று மாஸ்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"மாஸ்டர், ஒரு விஷயம்..."

"எதுவா இருந்தாலும் மேனேஜர் வரட்டும்."

சாவிகள் குலுங்கின. சாவிக்கொத்து வந்து கதவைத் திறந்துவிட்டார். அதற்குள் கேட் வாட்ச்மேன் கூப்பிட, முற்றத்திலேயே நின்று பேச ஆரம்பித்தார். மாஸ்டர் உள்ளே போனார். ஜன்னல்கள் மூடியிருந்ததால் அரை இருட்டு. விளக்கு எதற்கு? அந்த அறையில் அவர் கண்ணை மூடிக்கொண்டே நடப்பார். போகிற போக்கில் ஆணியில் தொங்கிய லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, நேரே சிலிண்டர் மூலைக்குப் போய்க் குனிந்து வால்வைத் தடவினார்.

நூல் அப்படியே இருந்தது. இரண்டு சுற்று, ஒரு முடிச்சு.

பயந்துவிட்டாள்! நூலைப் பார்த்திருக்கிறாள், கை வைக்கத் துணியவில்லை. மாஸ்டருக்குப் பத்து வயது குறைந்ததுபோல இருந்தது.

"மாஸ்டர்!" வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு அவள் கூப்பிட்டாள். "கேஸ் வாசனை வருது. ரொம்ப வருது. வெளிய வாங்க."

மறுபடியும் அதே நாடகம். இன்றைக்கும் மேனேஜர் காதில் விழுகிற மாதிரி. மாஸ்டர் மூச்சை இழுத்தார். காற்றுதான் வந்தது. மூன்று மாதமாக வருகிற அதே வெறும் காற்று.

"ஒண்ணும் இல்ல. போய்க் காயை எடு."

"என்ன அங்க?" என்று கேட்டுக்கொண்டே சாவிக்கொத்து வாசலுக்கு வந்தார். மூக்கைச் சுருக்கினார். "என்னமோ வர்ற மாதிரி இருக்கே... மாஸ்டர், இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப சரி. அவரு மூக்குக்கு மேல நம்ம மூக்கு எதுக்கு?" சாவிக்கொத்து உள்ளே கையை நீட்டி விளக்கின் சுவிட்சைத் தேடினார். "ஏன் இருட்டுல நிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

மாஸ்டரின் ஒரு கையில் லைட்டர். இன்னொரு கை விரல் இன்னும் நூலின் மேல். அந்த நூல் அறுபடவில்லை. அப்படியென்றால் வால்வு நேற்று ராத்திரி முழுக்கத் திறந்தே இருந்திருக்கிறது. இத்தனை நாளும் மூடியிருந்தது. மூடியது அவள். சோதிக்கிறவள் எதற்கு மூட வேண்டும்? வாசனை வருகிறது என்று பொய் சொல்லி அவரைச் சிக்கவைக்கிறவளுக்கு, அவர் போன பிறகு யாரும் பார்க்காதபோது வால்வை மூடுவதில் என்ன லாபம்? ஒரு லாபமும் இல்லை. உண்மையிலேயே வாசனை தெரிகிறவள்தான் மூடுவாள். இவ்வளவும் ஒரு நொடியில் அவர் மண்டையில் ஓடி முடிந்தது. முடிந்த இடத்தில் சாவிக்கொத்தின் விரல் சுவிட்சைத் தொட்டுவிட்டது.

"சார், தொடாதீங்க! சுவிட்சைத் தொடாதீங்க!"

அந்தச் சத்தத்தில் சாவிக்கொத்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இப்பத்தானேய்யா இல்லன்ன?"

"எனக்குத் தெரியாது சார்! எனக்கு மூக்கு போயி மூணு மாசம் ஆச்சு. எந்த வாசனையும் எனக்குத் தெரியாது. அந்தம்மா சொல்றதுதான் நிஜம்."

மூன்று மாதம் பொத்திப் பொத்தி வைத்தது மூன்று நொடியில் போயிற்று. அதற்காக அழ நேரமில்லை. மாஸ்டர் வால்வை வலப்பக்கமாகத் திருகினார். நூல் பட்டென்று அறுந்தது. இனி நகராது என்கிற வரைக்கும் இறுக்கினார். லைட்டரின் பொத்தானில் விரல் படாமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல அதைக் கையில் ஏந்திக்கொண்டார்.

"ஃபேன், லைட்டு, எதையும் போடாதீங்க. போட்டிருக்கிறதை அணைக்கவும் வேணாம். உள்ள நின்னு போனையும் எடுக்காதீங்க. வெளிய மாடிப்படிகிட்ட மெயின் இருக்குல்ல, அதை அணைங்க சார். இல்லாட்டி இந்த ஃபிரிட்ஜ் பாட்டுக்கு ஓட ஆரம்பிச்சிடும்."

சாவிக்கொத்து மெயினை அணைக்க ஓடினார். அவள் அதற்குள் பின்பக்கமாகச் சுற்றிப் போய்விட்டாள். மாஸ்டர் உள்ளிருந்து தாழ்ப்பாளை விலக்க, அவள் பின்கதவை அகலத் திறந்தாள். கேஸ் கனமானது, தரையோடு தவழும், ஜன்னல் மட்டும் திறந்தால் போகாது. இது அவளுக்கும் தெரிந்திருந்தது. வெளியே நின்றபடியே இரண்டு ஜன்னல்களையும் தள்ளித் திறந்தாள். மாஸ்டர் அந்தக் கதவு வழியாகவே வெளியேறினார். மூவருமாகக் கேட்டுக்கு ஓடி, வேலைக்கு வர ஆரம்பித்திருந்த தையல்காரர்களைத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு விரட்டினார்கள். ஒருவர் சிகரெட்டை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். ஊமைக்குசும்பி அதை அவர் வாயிலிருந்தே பிடுங்கிக் கீழே போட்டாள். அங்கே நின்றுதான் சாவிக்கொத்து கேஸ் அவசர எண்ணுக்குப் போன் போட்டார். மூன்று தடவை தப்பாக அழுத்தினார்.

மெக்கானிக் வர நாற்பது நிமிஷம் ஆனது. அவர் வந்து பார்த்துச் சொல்கிற வரைக்கும் எவரும் உள்ளே போகவில்லை. அந்த நாற்பது நிமிஷமும் நூற்றிருபது பேர் மாஸ்டரின் மூக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவமானம் என்றால் அவமானம், அப்படி ஒரு அவமானம். மாஸ்டர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவள் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"நேத்து ஏம்மா மூடல?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"நூல் கட்டியிருந்தீங்களே மாஸ்டர். தொட்டா என்மேல என்ன பழி வருமோன்னு பயமா இருந்துச்சு. அடுப்புத் திருகை மட்டும் அழுத்திப் பார்த்துட்டுப் போனேன். சரியா மூடிச்சான்னு தெரியல. ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. அதான் விடியும்போதே வந்து நின்னேன். மூடியிருக்கணும். என் தப்புதான்."

"அன்னிக்கு வாசனை வருதுன்னியே, அது?"

"மூணாவது அடுப்பு லேசாத் திறந்திருந்துச்சு. தொடைக்கிற சாக்குல மூடிட்டேன்."

"பாத்திரத்துல என்னமோ போட்டியே?"

"உப்பு."

"நான் போடலையா?"

"அன்னிக்கு மட்டுமா? வாரத்துல ரெண்டு நாள் போடல மாஸ்டர்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "கேஸையே இல்லன்னு சொன்ன ஆளு, உப்பை ஒத்துக்குவீங்களா?"

மெக்கானிக் கையில் ஒரு கருவியோடு உள்ளே போய், காற்றாடவிட்டு, சோதித்து, வெளியே வந்தார். மூன்றாவது அடுப்பின் திருகு தேய்ந்துபோயிருக்கிறது, மூடினாலும் ஒரு மயிரிழை திறந்தே நிற்கிறது, மாற்றாமல் பற்றவைக்கக் கூடாது என்றார். அது தேய்ந்தது இன்று நேற்றல்ல. முன்பெல்லாம் மாஸ்டர் மோந்து பார்த்து, வந்தால் இன்னும் ஒரு தரம் அழுத்தி மூடுவார். இப்போது மோந்து பார்ப்பது மட்டும்தான் பாக்கி இருந்தது.

"சரி, இந்த மூணு மாசமும் சாப்பாடு நல்லாத்தானே இருந்துச்சு? யாரும் ஒரு குறை சொல்லலையே?" சாவிக்கொத்துக்கு இன்னும் ஆறவில்லை. "மூக்கும் இல்லாம நாக்கும் இல்லாம அது எப்படிய்யா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அனுபவம் சார், கைப்பழக்கம் சார் என்று சொன்னால் சாவிக்கொத்து நம்பியிருப்பார். மாஸ்டரின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. பக்கத்தில் அவள் வழக்கம்போல வாய் திறக்காமல் நின்றாள். சொல்லவும் மாட்டாள், அது அவருக்குத் தெரியும்.

"சமைச்சது நான். அதைச் சாப்பாடா ஆக்குனது இந்தம்மா" என்றார் மாஸ்டர். "கரண்டியை இவங்ககிட்ட குடுங்க சார். நான் காய் நறுக்குறேன்."

எது நடந்துவிடக் கூடாது என்று நூல் கட்டினாரோ, அதை அவர் வாயே நடத்திவைத்தது. சாவிக்கொத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்ட நிறைய இருந்தது, திட்டவும் செய்தார். கடைசியில் தலையை ஆட்டினார்.

திருகு மாற்றி இரண்டு நாள் கழித்து அடுப்பு எரிந்தது. மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினார். வாசனை தெரியாவிட்டாலும் கண் மட்டும் எரிந்து தண்ணீர் கொட்டியது. அன்று அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

சாயங்காலம் அவள் திருகுகளை மூடினாள், பிறகு சிலிண்டர் வால்வையும் மூடினாள். "மூடிட்டேன் மாஸ்டர்" என்றாள். அந்தப் பெயரை மட்டும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

மாஸ்டர் கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய், வால்வைக் கையால் அழுத்தித் திருகிப் பார்த்தார்.

"இன்னும் என்மேல சந்தேகமா?"

"ஆமா" என்றார் மாஸ்டர். "நீ என்மேல சந்தேகப்படாம இருந்திருந்தா நான் இன்னிக்கு இருந்திருப்பேனா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அவள் குனிந்து அதே வால்வை இன்னொரு தரம் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.